உதவிப் பணமும் வாடகை வீடும்

சென்ற மாதம் நமது காரியாலயத்திற்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றை எழுதியவர் வெட்டுக்காட்டுத் தொழிலாளி. மற்றொன்றை எழுதியவர் தோட்டத்து ஆபீஸ் கிராணி. இருவரும் நம் பத்திரிகையின் பழைய வாசகர்கள். இருவரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் சேமநிதியிலிருந்து எடுத்தும் பட்டணத்து ஓரத்தில் ஆளுக்கொரு மலிவு விலை வீடு வாங்கியிருக்கிறார்கள். வேலையில் இருக்கும்வரை தோட்டத்து வீட்டிலேயே குடியிருப்பதால் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறார் ஒருவர். முன்னமே விட்டிருக்கிறார் மற்றவர்.

தொழிலாளி கேட்பது இது: "என் வீட்டைக் கேட்டு ஓர் அம்மாள் வந்திருக்கிறார். வயது 68. முன்பு பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின் இடம் மாறி இடம் மாறி வாழ்கிறார். கூட இரண்டு பேரப்பிள்ளைகள். சமூக நலத்துறை மாதம் 600 வெள்ளி முதியோர் உதவி கொடுக்கிறது. மகள் ஒரு கடையில் வேலை செய்து கொஞ்சம் அனுப்புகிறார். மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறாராம். உதவிப் பணத்தில் வாழ்கிறவருக்கு வீட்டைக் கொடுக்காதே, வாடகையும் வராது, ஆளும் போகமாட்டார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகளே இருக்கின்றன. அப்போது என் குடும்பம் எங்கே போகும்?"

கிராணி எழுதியது வேறு விதம். அவர் வீட்டில் இருக்கும் முதியவருக்கும் அதே உதவிதான். 2025-இல் அந்த உதவி 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. அவ்வாண்டே கிராணியார் வாடகையை 350 வெள்ளியிலிருந்து 450 வெள்ளியாக உயர்த்திவிட்டார். "அதிலிருந்து பெரியவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சட்டப்படி நான் செய்தது தவறா?" என்று கேட்கிறார்.

இருவருக்கும் தனித்தனியே பதில் எழுதினோம். ஆனால் இது இருவரோடு நிற்கும் காரியமாக எமக்குத் தோன்றவில்லை. தோட்டத்துப் பாட்டாளிகளில் சிலர் இன்று வீட்டுக்குச் சொந்தக்காரர்களாகி, வாடகை வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான்! ஆனால் வாடகை கொடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. அதனால்தான் இதைப் பகிரங்கமாகப் பேசுகிறோம்.

நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். நம் பாட்டன்மார் இருந்தது லயத்தில். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, மூட்டை முடிச்சுகளுடன் சாலையோரத்தில் நின்ற குடும்பங்களைக் கண்டவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளியின் காசைக் கொண்டே தோட்டத்தை வாங்குவது என்ற அந்த எண்ணம் பெரிய எண்ணம். ஆயினும் அது எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிட முடியவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் அடுக்குமாடி வீடுகளில் ஏறினர். இடம் கிடைக்காதவர்கள் வாடகை வீடு தேடினர். அந்தத் தேடல் இன்னும் ஓயவில்லை. நம் தொழிலாளியின் கதவைத் தட்டிய அம்மாள் அப்படி வந்தவர்தான்.

இனி உதவி என்பது என்னவென்று பார்ப்போம். நம் நாட்டில் ஏழைக்கு வீட்டு உதவி பெரும்பாலும் கட்டடமாகவே வருகிறது. நாம் பி.பி.ஆர். என்று சொல்லிப் பழகிய மக்கள் வீடுகளில் 700 சதுர அடியில் மூன்று அறை வீடு. மாத வாடகை 124 வெள்ளி. வெளிச் சந்தையில் அந்த விலைக்கு ஓர் அறைகூட அகப்படுவது அருமை. மிச்சச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. வீடு கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவருக்கோ? அவர் வெளியில் தனியார் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். முஸ்லிம்களில் வறியவர்களுக்கு ஜக்காத் நிதியிலிருந்து வாடகை உதவி கிடைப்பதுண்டு. மற்றவர்கள் நலத்துறை கொடுக்கும் முதியோர் உதவி, உடல் ஊனமுற்றோர் உதவி, பிள்ளைகளுக்கான உதவி ஆகியவற்றை வைத்துக்கொண்டுதான் வாடகை கட்டுகிறார்கள். ஏட்டில் அதன் பெயர் வாழ்க்கைச் செலவு உதவி. நடப்பில் மாதம் பிறந்ததும் அதில் பெரும்பங்கு வீட்டுக்காரர் கைக்குப் போகிறது.

"உதவிப் பணத்தில் வாழ்கிறவருக்கு வீடு விடாதே" என்கிறார்களே, அந்தப் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். எந்தப் பணம் நிச்சயமான பணம்? நாள் சம்பளக்காரருக்கு மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளம் குறையும். ஒப்பந்த வேலைக்காரருக்கு ஒப்பந்தம் முடிந்தால் அதோடு சரி. நலத்துறைப் பணம் மழைக்கு நிற்பதில்லை. கொஞ்சப் பணந்தான், ஆனால் மாதம் தவறாமல் வரும் பணம். மறுபரிசீலனையில் சில சமயம் தடைபடுவதுண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அப்படித் தடைபட்டால் நலத்துறை ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கக் கிராணியார்களுக்குத் தெரியாதா? வீட்டுக்காரரே எழுதிக் கொடுக்கலாமே!

உண்மையில், மறுப்பதற்குக் காரணம் கணக்கு அல்ல. உதவி வாங்குகிறவர் என்றால் ஒரு படி தாழ்ந்தவர் என்ற எண்ணம் நம்மிடையே புகுந்துவிட்டது. இது எமக்கு வருத்தத்தைத் தருகிறது. தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் மங்கு துடைத்த கைக்கு முதுமையில் 600 வெள்ளி கிடைக்கிறது. அது பிச்சையா? அந்தக் கை இறக்கிய பாலில் இந்நாட்டுக்கு எத்தனை வருமானம் வந்திருக்கும்! துரைமார் நம்மைத் தாழ்வாகப் பார்த்தார்கள் என்று மேடை தோறும் பேசுகிறோம். வீட்டுச் சாவி கைக்கு வந்தவுடன் நாமும் அதே கண்ணால் பார்க்கலாமா?

அடுத்து வாடகை உயர்வு. கிராணியார் கேள்விக்கு நேரான பதில்: சட்டப்படி தவறு என்று சொல்ல முடியாது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய பழைய கட்டடங்களுக்கே பொருந்தியது. அதுவும் 1997-இல் ரத்தாயிற்று. இப்போது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உயர்த்தலாம். கிராணியார் சட்டத்தைக் கேட்டார். சட்டம் அவர் பக்கந்தான்.

ஆனால் கணக்கைப் பார்ப்போம். பெரியவருக்கு அரசாங்கம் 100 வெள்ளி கூடக் கொடுத்தது. எதற்காக? அரிசியும் எண்ணெயும் மருந்தும் விலை ஏறிவிட்டன. ஒரு முதியவர் 500 வெள்ளியில் காலந்தள்ள முடியாது என்பதற்காக. அந்த 100 வெள்ளி அவர் கைக்கு வந்து, ஓர் இரவுகூடத் தங்காமல் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. முன்பு வாடகை போக அவர் கையில் 150 வெள்ளி மிஞ்சியது. இப்போதும் 150 வெள்ளிதான் மிஞ்சுகிறது. பொதுமக்கள் வரிப்பணத்தில் சர்க்கார் உதவியது யாருக்கு? பெரியவருக்கா, கிராணியாருக்கா?

கொரியப் போர்க் காலத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1950, 1951-இல் ரப்பர் விலை கிடுகிடுவென ஏறியது. நமது கூலியும் ஏறியது. ஆனால் அரிசியும் துணியும் அதோடு சேர்ந்து ஏறின. கூலி உயர்வைக் கையில் வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினோம். அப்போது நமக்கு எப்படி எரிந்தது! அந்தக் கடைக்காரரும் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை.

வீட்டுக்காரருக்குச் செலவே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. வங்கித் தவணை உண்டு. வீட்டு வரி, நில வரி உண்டு. அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அவை ஏறினால் ஏறிய அளவுக்கு வாடகையை உயர்த்துவது நியாயமே. பில்லைக் காட்டி உயர்த்தட்டும். குடியிருப்பவரும் முணுமுணுக்காமல் கொடுப்பார். உதவி ஏறிற்று என்பதற்காக வாடகையை ஏற்றுவதைத்தான் தவறு என்கிறோம். செலவைப் பார்த்து வாடகை போடலாம். குடியிருப்பவரின் பாஸ் புத்தகத்தைப் பார்த்து வாடகை போடுவது அழகல்ல.

இங்கே இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். மக்கள் வீட்டைத் தம் பெயரில் 124 வெள்ளிக்கு எடுத்து, தாம் தோட்டத்து வீட்டிலோ மகன் வீட்டிலோ இருந்துகொண்டு, வேறொரு ஏழைக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவரிலும் இருக்கிறார்கள். சொந்த வீட்டை வாடகைக்கு விடுவதும் இதுவும் ஒன்றல்ல. சொந்த வீடு உழைத்து வாங்கியது. மக்கள் வீடோ குடியிருப்பதற்காக அரசாங்கம் கொடுத்தது. மேல்வாடகைக்கு விடுவது ஒப்பந்தப்படி குற்றம். பிடிபட்டால் வீடு போகும். பிடிபடாவிட்டாலும், அந்த வீட்டுக்காக மனுப் போட்டுக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் இடம் அது. பணத்தைக் கொடுத்து உள்ளே இருப்பவருக்கும் பாதுகாப்பில்லை. நாளை அதிகாரிகள் கதவைத் தட்டினால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இராது. இப்படிப்பட்டவருக்குச் சங்கம் பரிந்து பேசாது.

உழைத்து வாங்கிய வீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவு விலை வீடுகளில் சிலவற்றுக்கு இத்தனை ஆண்டுகள் விற்கக் கூடாது, வாங்கியவரே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். வீட்டுப் பத்திரத்தையும் கடன் பத்திரத்தையும் படித்துப் பார்க்காமல் ஒருவரும் வாடகைக்கு விட வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பதால் புரியவில்லையென்றால் படித்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இனி "ஆள் போகமாட்டார்" என்ற பயம். இது வீண் பயம் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. நம் தொழிலாளிக்கு ஓய்வு வந்ததும் தோட்டத்து வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். அன்று அவர் தம் சொந்த வீட்டில் நுழைய முடியாமல் நின்றால், மற்றவருக்கு இரங்கியதற்குத் தம் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தியதாக ஆகும். இதற்குப் பரிகாரம் அம்மாளை விரட்டுவதல்ல. ஒப்பந்தத்தைக் காகிதத்தில் எழுதுவதுதான்.

நம்மவர்களுக்குள் வாய்ப்பேச்சுதான் வழக்கம். "அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்பார்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டத்தில் செல்லும். மூன்று ஆண்டு வரையிலான வாடகையைப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் தகராறு வந்தால் யார் என்ன சொன்னார் என்று எப்படி நிரூபிப்பது? ஆகவே எழுதுங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்டுவது, தண்ணீர் மின்சாரம் யார் பொறுப்பு, கூரை ஒழுகினால் யார் சரி செய்வது, எந்த மாதம் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, 30 நாளைக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியில் நீங்கிவிட்டது. அதன்படி 450 வெள்ளி வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்திற்குத் தீர்வை 22 வெள்ளியளவில் ஆகிறது. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். வாடகையை வருமானக் கணக்கில் காட்டவும் வேண்டும். மாதந்தோறும் ரசீது கொடுங்கள். பணம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வாடகை பாக்கியானால்? பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே எறிவது ஆகியவை கூடா. 1950-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குத்தகை முடிந்தபின்னும் குடியிருப்பவரைக் கோர்ட் மூலமேயன்றி வெளியேற்ற வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. பாக்கிக்காகச் சாமான்களைப் பறிமுதல் செய்யவும் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும். அதிலும் 12 மாதப் பாக்கிக்கு மேல் கேட்க முடியாது. குடும்பத்துக்கு வேண்டிய துணிமணியிலும் படுக்கையிலும் கை வைக்கக் கூடாது. லயத்திலிருந்து நம் பானை சட்டிகளைத் தூக்கி வெளியே போட்டபோது நமக்கு இந்தச் சட்டமெல்லாம் யார் சொன்னார்கள்? தெரிந்தபின் நாமாவது அதன்படி நடப்போம்.

வீட்டின் தரத்தையும் பார்க்க வேண்டும். முதலாளி கொடுக்கும் வீட்டில் தண்ணீர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத்தான் 1966-இலும் பிறகு 1990-இலும் தொழிலாளர் வீட்டுத் தரத்திற்குச் சட்டங்கள் வந்தன. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு வெளியேயும் தொழிலாளருக்குத் தங்குமிடம் தரும் முதலாளிகளைக் கட்டுப்படுத்துகிறது. முதலாளியிடம் நாம் கேட்ட தரத்தை நம் வீட்டுக் குடியிருப்பவர் நம்மிடம் கேட்டால் முகஞ்சுளிக்கலாமா?

இந்தச் சங்கடங்கள் நமக்கு மட்டும் உரியவையல்ல. பக்கத்துச் சிங்கப்பூரில் மிக வறியவர்களுக்கு அரசாங்கமே சிறு வீடுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. தவிர, புதுவீடு கட்டி முடியும்வரை காத்திருக்கும் இளங்குடும்பங்கள் வெளியில் வாடகைக்கு இருக்க, 2024 ஜூலையிலிருந்து சில காலத்திற்கு மாதம் 300 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தார்கள். அமெரிக்காவில், 1974-இல் திருத்திய வீடமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவுப்படி உதவி கட்டடத்தோடு நில்லாமல் குடும்பத்தோடு போகிறது. குடும்பம் தன் வருமானத்தில் நூற்றுக்கு 30 அளவில் கட்டும். மிச்ச வாடகையை வீடமைப்பு அதிகாரிகள் நேரே வீட்டுக்காரருக்கு அனுப்புவார்கள். வீட்டைப் பரிசோதித்த பிறகே பணம். அக்கம்பக்கத்து வாடகையைவிட அதிகம் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அங்கேயும் "உதவிச் சீட்டோடு வருகிறவருக்கு வீடில்லை" என்று கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள்! அதற்காகவே சில மாநிலங்களும் நகரங்களும் அப்படி மறுப்பதைச் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. உதவிக்கும் தகுதியுள்ளவர் எல்லாருக்கும் அங்கே அது கிடைப்பதில்லை, நீண்ட வரிசைதான். அதைத் தங்கத் தட்டென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு நிச்சயமான பணமும், குடியிருப்பவருக்கு ஒழுகாத கூரையும், வரம்புள்ள வாடகையும் ஒரே ஏற்பாட்டில் அமைந்திருப்பதைக் கவனிக்கிறோம்.

நம் அரசாங்கத்திடம் நாம் கேட்பதும் அந்த வகையானதே. தோட்டம் மூடப்பட்டு வீடிழக்கும் குடும்பத்துக்கு, மக்கள் வீடு கிடைக்கும்வரையாவது வாடகையில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும். அது வீட்டுக்காரருக்கு நேரே போக வேண்டும். வாடகைக்கு வரம்பும் வீட்டுக்குப் பரிசோதனையும் இருக்க வேண்டும். குடியிருப்பு வாடகைக்கென்று ஒரு சட்டம் தேவையென்பதை அரசாங்கத் தரப்பிலேயே பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். அச்சட்டத்தில் உதவி பெறுகிறவரையும் நினைக்க வேண்டும். அதுவரை நமது வீடுகளில் நாம் நடந்துகொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

தொழிலாளித் தோழருக்கு நாம் எழுதிய பதில் இது: அம்மாளுக்கு வீட்டைக் கொடுங்கள். ஓராண்டு ஓராண்டாக ஒப்பந்தம் எழுதுங்கள். நீங்கள் ஓய்வு பெறும் மாதத்தை முதல் ஒப்பந்தத்திலேயே குறித்து, அதை அம்மாளுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் வீட்டு மனு எந்த நிலையில் இருக்கிறதென்று அவர் போய்க் கேட்கும்போது துணைக்குப் போங்கள். அது கிடைத்தால் இருவர் கவலையும் தீரும். சமையலறைக் கூரை ஒழுகுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அடைத்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. கூரைத் தகடு வாங்கியிருக்கிறாராம்.

கிராணியாருக்கு, கூட்டி வாங்கிய 100 வெள்ளியை அடுத்த மாதத்திலிருந்து விட்டுக்கொடுங்கள், வீட்டு வரி ஏறியிருந்தால் அந்தப் பில்லை மட்டும் பெரியவரிடம் காட்டுங்கள் என்று எழுதினோம். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.